கேள்வித்தாளோடு ஊருக்குப் போனவர்கள்

2024 டிசம்பர் முதல் வாரம். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த கையோடு தென்பெண்ணை கரைபுரண்டது. விழுப்புரம் மாவட்டம் இருவேல்பட்டில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. சோறில்லை, குடிக்கத் தண்ணீரில்லை என்று ஊர் மக்கள் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். பார்க்க வந்த அமைச்சர் மீது சேறு வீசப்பட்டது. இரண்டு நாள் தொலைக்காட்சிகளில் அந்த ஊரின் பெயர் ஓடியது. பிறகு தண்ணீர் வடிந்தது, செய்தியும் வடிந்தது.

அந்தப் பெயரைத் திரையில் பார்த்ததும் எனக்கு ஒரு பழைய புத்தகம் நினைவுக்கு வந்தது. நெடுஞ்சாலையில் பேருந்தில் போகிறவர்கள் கண்ணயர்ந்தபடி கடந்துவிடும் இந்த ஊர், உலகத்தில் மிக நீண்ட காலமாகத் திரும்பத் திரும்பக் கணக்கெடுக்கப்பட்ட கிராமங்களில் ஒன்று. 1916இல் தொடங்கிய கணக்கு அது. தொடங்கியவர்கள் கல்லூரி மாணவர்கள்.

இந்த வருடமும் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் பலர் பொதுக் கொள்கை, வளர்ச்சி ஆய்வுகள், சமூகக் கொள்கை என்று பெயர் போட்ட படிப்புகளை விசாரிக்கிறார்கள். 'அது படிச்சா என்ன வேலை கிடைக்கும்?' என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கும் கடைசியில் வருகிறேன். அதற்கு முன், அரசுக் கொள்கை என்பதை ஒரு மாணவர் எங்கிருந்து படிக்கத் தொடங்க வேண்டும் என்ற கேள்விக்கு இருவேல்பட்டு வைத்திருக்கும் பதிலைச் சொல்லிவிட வேண்டும்.

விடுமுறைக்கு வீட்டுப்பாடம்

கில்பர்ட் ஸ்லேட்டர் 1915 டிசம்பரில் சென்னையில் வந்து இறங்கினார். சென்னைப் பல்கலைக்கழகம் இந்தியப் பொருளாதாரத்துக்கென்று முதன்முதலாக ஒரு பேராசிரியர் பதவியை உருவாக்கி அவரை அழைத்திருந்தது. அப்போது அவருக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. லண்டனின் ஊலிச் நகரமன்றத் தலைவராக இருந்தவர். தொழிலாளர்கள் படிப்பதற்கென்றே ஏற்பட்ட ஆக்ஸ்ஃபோர்டின் ரஸ்கின் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். இங்கிலாந்துக் குடியானவர்களின் பொதுநிலங்கள் எப்படி வேலி போட்டு அடைக்கப்பட்டன என்பதுதான் அவர் ஆராய்ந்த பொருள். ஆக, நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று பார்த்துப் பழகிய கண் அவருடையது.

இங்கே வகுப்பறையில் அவர் கண்டது என்ன? மாணவர்கள் இங்கிலாந்தின் பாடநூல்களை மனப்பாடமாகச் சொன்னார்கள். லங்காஷயர் ஆலைகள், ரிக்கார்டோவின் வாரக் கோட்பாடு எல்லாம் அத்துப்படி. சொந்த ஊரில் ஒரு காணி நிலத்துக்குக் குத்தகை எவ்வளவு என்று கேட்டால் தெரியாது. பெரும்பாலும் கிராமங்களிலிருந்து வந்த பிள்ளைகள்தான். ஆனால் ஊரில் பார்த்தது அறிவாகும், தேர்வுத்தாளில் எழுதத் தகுந்த விஷயமாகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஸ்லேட்டர் ஒரு வினாப்பட்டியல் தயாரித்தார். விடுமுறையில் உங்கள் ஊருக்குப் போகிறீர்கள் அல்லவா, இதற்கெல்லாம் விசாரித்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்று கொடுத்தனுப்பினார். எத்தனை வீடு, எத்தனை ஏர், எத்தனை கிணறு. யாருக்கு எவ்வளவு நிலம். கூலி நெல்லாகவா, காசாகவா. யார் யாருக்குக் கடன், என்ன வட்டி. மாணவர்கள் ஊர்க் கணக்கரான கர்ணத்திடம் உட்கார்ந்து கணக்கைப் பார்த்தார்கள், மிராசுதாரரிடம் கேட்டார்கள், வயலில் நின்று எண்ணினார்கள். அப்படித் திரண்டதிலிருந்து 1918இல் ஒரு நூல் வந்தது. பல்கலைக்கழகத்தின் பொருளாதார ஆய்வு வரிசையில் முதல் நூல் அதுதான். தமிழ்ப் பகுதியிலிருந்து இருவேல்பட்டு, செய்யாறு பக்கத்துத் தூசி, நாகப்பட்டினம் வட்டத்துப் பாலக்குறிச்சி, திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டான், சிவகாசிப் பக்கத்து வடமலாபுரம் ஆகிய ஐந்து ஊர்கள் அதில் இடம்பெற்றன. இவற்றை ஆய்வாளர்கள் இன்றும் 'ஸ்லேட்டர் கிராமங்கள்' என்றே அழைக்கிறார்கள்.

இந்த நூலைப் புகழ்ந்து மட்டும் நிறுத்திவிட முடியாது. 1916இல் பல்கலைக்கழகம் வரை வந்த மாணவர் யார்? நிலமும் சாதியும் உள்ள வீட்டுப் பிள்ளை. ஊர்த் தெருவின் திண்ணையில் உட்கார்ந்து சேரியைப் பற்றி எழுத முடியும். சேரிக்குள் போய்க் கேட்டு எழுதியிருப்பாரா? இருவேல்பட்டுக் குறிப்புகளில் படியாட்கள் வருகிறார்கள். கல்யாணத்துக்கென்று வாங்கிய கடனுக்காகப் பண்ணையில் கட்டுண்டு, கடன் அடையாமலே அடுத்த தலைமுறைக்கும் அந்தக் கட்டைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள். அவர்கள் எத்தனை பேர், என்ன கூலி என்று தெரிகிறது. அவர்கள் வாயால் சொன்ன ஒரு சொல்லும் காதில் விழுவதில்லை. எண்ணப்பட்டவர்களுக்கும் எண்ணியவர்களுக்கும் நடுவே ஒரு தெரு இருந்தது. கொள்கை படிக்க வருகிற ஒவ்வொரு பிள்ளையும் அந்தத் தெருவை முதல் நாளே அறிந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அதே 1918இல் பம்பாயிலிருந்து இன்னொரு எழுத்து வந்தது. சிறு நிலத்துண்டுகளின் சிக்கல் பற்றிப் பி.ஆர். அம்பேத்கர் எழுதிய ஆய்வுக் கட்டுரை. நிலம் துண்டு துண்டாகக் கிடப்பதுதான் வறுமைக்குக் காரணம், எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்தால் சரியாகிவிடும் என்று அன்றைய அறிஞர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் கேள்வியையே மாற்றினார். துண்டு சின்னதா பெரிதா என்பதில் என்ன இருக்கிறது? உழைக்க வேறு இடமே இல்லாமல் இத்தனை பேர் நிலத்தையே நம்பிக் கிடக்கிறார்களே, அவர்களுக்குத் தொழில் எங்கே? நிலத்தை விட்டு வெளியே வேலை உண்டாக்குவதுதான் நிலத்தின் நோய்க்கே மருந்து என்பது அவர் முடிவு. திண்ணையில் அமர்ந்து கேட்ட கணக்கையும் அம்பேத்கரின் இந்தக் கேள்வியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். இரண்டும் பிற்பாடு இருவேல்பட்டிலேயே சந்தித்துக்கொள்கின்றன.

திரும்பிப் போனவர்கள்

ஒரு முறை எண்ணிவிட்டு வருவது பெரிய காரியமில்லை. அரசாங்கமே எண்ணுகிறது. ஸ்லேட்டர் கிராமங்களைத் தனியாக நிறுத்துவது, அங்கே ஆட்கள் திரும்பிப் போனதுதான்.

1936-37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து மறு ஆய்வு நடத்தினார்கள். 1940இல் அது நூலானது. நடுவில் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்து நெல் விலை சரிந்திருந்தது. நூறு ரூபாய்க் கடன் காகிதத்தில் நூறாகவே இருக்கும். அதை அடைக்க விற்க வேண்டிய நெல் மூட்டைகள் மட்டும் பெருகிவிடும். வட்டிக்கடைக்காரர் எதுவும் செய்யாமலே கடன் வளர்ந்த காலம் அது. 1938இல் ராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது இந்தப் பின்னணியில்தான். விலை, கடன், சட்டம் என்று பாடநூலில் மூன்று அத்தியாயங்களாகக் கிடப்பவை ஊரில் ஒரே வீட்டுக்குள் ஒன்றாக நடந்தன.

அறுபதுகளின் தொடக்கத்தில் பொருளாதார ஆய்வாளர் மார்கரெட் ஹாஸ்வெல் அதே ஊர்களுக்கு வந்தார். அதற்குள் பாலக்குறிச்சி இருக்கும் கீழத்தஞ்சையில் செங்கொடி ஏறியிருந்தது. 1952இல் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்திருந்தது.

பிறகு எஸ். குகன். இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எழுபதுகளில் தமிழக அரசின் நிதித்துறைச் செயலாளராக இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி. மாநிலத்தின் வரவு செலவைக் கையில் வைத்திருந்தவர். அந்த உயரத்திலிருந்து இறங்கியவர்கள் பொதுவாகப் போகும் இடங்கள் வேறு. இவர் அடையாறு காந்திநகரில் இருந்த எம்.ஐ.டி.எஸ்ஸுக்கு, அதாவது சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு, ஆய்வாளராகப் போனார். வேலூரில் பிறந்து யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்த மால்கம் ஆதிசேஷய்யா, மனைவி எலிசபெத்தோடு சேர்ந்து சொந்தச் சேமிப்பைப் போட்டு 1971இல் தொடங்கிய நிறுவனம் அது. அங்கிருந்து குகன், மானுடவியலாளர் ஜோன் மென்ச்சரோடு 1981இல் இருவேல்பட்டுக்குப் போனார். பாலக்குறிச்சிக்கும் தூசிக்கும் மறு ஆய்வு அறிக்கைகள் எழுதினார். ஸ்லேட்டரின் மாணவர்கள் கணக்குக் கேட்டு நின்ற பரம்பரைக் கர்ணம் பதவி அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 1980 நவம்பரில், ஒழிக்கப்பட்டிருந்தது.

கோட்டையில் உட்கார்ந்து கோடிகளில் எழுதிய கை, ஒரு வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று எழுதியது. அந்தப் பயணம் வீண்போகவில்லை. கிராமத்தில் முதியவர்களும் விதவைகளும் எதை நம்பி இருக்கிறார்கள் என்று பார்த்த குகன், அமைப்புசாராத ஏழைகளுக்கு இந்தியாவில் சமூகப் பாதுகாப்பு சாத்தியம்தான் என்று 1992இல் கணக்குப் போட்டுக் காட்டினார். முதியோருக்கு ஓய்வூதியம், உழைப்பாளி இறந்துபோன குடும்பத்துக்கு உதவி, பிரசவ காலத்தில் உதவி. 'இந்தியா ஏழை நாடு, இதெல்லாம் கட்டுப்படியாகாது' என்று சொல்லிவந்தவர்களுக்கு, நிதித்துறையை நடத்திய ஒருவரே எண்ணோடு பதில் சொன்னார். 1995 ஆகஸ்ட் 15இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய சமூக உதவித் திட்டத்திலும் இதே மூன்று உறுப்புகள்தாம் இருந்தன. முதியோருக்கு அப்போது மாதம் 75 ரூபாய். தமிழகம் 1962இலேயே 20 ரூபாயில் தொடங்கிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குகன் 1998இல் மறைந்தார். அவர் இருந்திருந்தால் இன்று எதைக் கேட்டிருப்பார் என்று யோசிக்கிறேன். எண்பது வயதுக்குக் கீழே உள்ள முதியோருக்கு மத்திய அரசின் பங்கு 2006இல் 200 ரூபாய் ஆனது. 2024இலும் அதே 200. தமிழக அரசு தன் பணத்தைச் சேர்த்து 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தியது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் படிப்பதற்குப் பெயர்தான் சமூகக் கொள்கை. விலைவாசி மூன்று மடங்கு ஏறினாலும் ஒரு தொகையை ஏறாமல் வைத்திருப்பது யாருடைய முடிவு? அதற்கு எந்தச் சட்டமும் வேண்டியதில்லை, எந்த அறிவிப்பும் வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். அரசுகள் எடுக்கும் முடிவுகளில் மிகக் கொடியவை சில, எடுக்காமலே எடுக்கப்படுகின்றன.

2008இல் ஆய்வாளர்கள் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். 1916 முதல் 2008 வரையிலான ஊரின் கதையை 2010இல் எழுதினார்கள். ஊரையே கையில் வைத்திருந்த பெருநிலக்கிழார் குடும்பத்தின் பிடி தளர்ந்திருந்தது. படியாள் முறை போயிருந்தது. ஆண்கள் வேலைக்கு ஊருக்கு வெளியே போனார்கள். வயலில் மிஞ்சியது பெரும்பாலும் பெண்கள். ரேஷன் அரிசியும் உதவித்தொகைகளும் பசியின் கூரை ஓரளவு மழுக்கியிருந்தன. ஆனால் நிலம் பெருமளவு கைமாறிவிடவில்லை, ஊரும் காலனியும் ஒன்றாகிவிடவில்லை. கட்டு அறுந்தது, நிலம் கிடைத்ததால் அல்ல, வேறு வேலை கிடைத்ததால். 1918இல் அம்பேத்கர் எழுதியது இதைத்தானே?

மூவரில் ஜெயரஞ்சன் 2021இல் தமிழக அரசின் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவுக்குத் துணைத் தலைவரானார். நாகராஜ், குற்ற ஆவணக் காப்பகத்தின் அட்டவணைகளில் சிதறிக் கிடந்த எண்களைக் கூட்டி, 1997 முதல் 2005 வரை ஏறக்குறைய ஒன்றரை லட்சம் விவசாயிகள் தற்கொலை செய்துகொண்டதை நாட்டுக்குச் சொன்னவர். அந்த அட்டவணைகள் எல்லோரும் பார்க்கக் கிடந்தவை. ஒருவர் உட்கார்ந்து கூட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

ஒரு அடுப்பு, ஒரு குடும்பம்

நான் ஒரு அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் படித்தேன். மூன்று வருடத்தில் தேவைக் கோட்டையும் சமநோக்கு வளைகோட்டையும் நூறு முறை வரைந்திருப்பேன். எங்கள் தெருவின் ரேஷன் கடையைப் பற்றி ஒரு வரி எழுதச் சொன்னதில்லை. அரிசி எப்போது வரும், மண்ணெண்ணெய் எப்போது தீரும், யாருக்கு அட்டை இல்லை என்று என் அம்மாவுக்குத் தெரிந்தது அவ்வளவும் பொருளாதாரம் என்று எனக்கு அப்போது தெரியாது.

கல்லூரி முடித்த கோடையில் ஒரு ஆய்வுக்குக் கணக்கெடுக்கும் வேலை கிடைத்தது. கடலூர்ப் பக்கம் ஒரு கிராமம். கையில் பதினாறு பக்க அட்டவணை. காலனியில் ஒரு கிழவி, தனியாக ஒரு குடிசையில். முதல் பக்கத்திலேயே தடுக்கியது.

"ஆயா, மாச வருமானம் எவ்வளவு?"

"மாசத்துக்கு எங்கப்பா வருமானம்? நடவு இருந்தா இருக்கு. இல்லன்னா இல்ல."

நான் சுழியம் போட்டேன். மாலையில் தாள்களைச் சரிபார்த்த மேற்பார்வையாளர் அந்தச் சுழியத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு அதே குடிசைக்குப் போனார். தரையில் உட்கார்ந்தார். வருமானம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. போன கார்த்திகையில் எத்தனை நாள் நடவுக்குப் போனீங்க, களை எடுக்க எத்தனை நாள், அறுப்புக்கு எத்தனை நாள், கூலி நெல்லா பணமா, மகன் கடைசியாக எப்போது பணம் கொடுத்தான் என்று ஒன்றொன்றாகக் கேட்டார். ஒரு மணி நேரத்தில் ஒரு வருடத்தின் வாழ்க்கை எண்ணாக வந்து நின்றது.

அடுத்த தடுக்கல் இன்னும் பெரிது. பக்கத்து வீட்டில் அவருடைய மகனும் மருமகளும் இருந்தார்கள். இது ஒரு குடும்பமா, இரண்டா? ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்பது கணக்கெடுப்பின் விதி. கிழவிக்குத் தனி அடுப்பு. ஆகவே தனிக் குடும்பம். முதியோர் உதவித்தொகைக்கோ, வளர்ந்த மகன் இருந்தால் இல்லை என்ற நிபந்தனை நெடுங்காலம் இருந்தது. ஆகவே அவர் ஆதரவற்றவர் இல்லை. ஒரே ஆள், ஒரு தாளில் தனித்து நிற்கிறார், இன்னொரு தாளில் மகனின் நிழலில் இருக்கிறார். எந்த வரையறை எந்தத் தாளில் அச்சானது என்பதைப் பொறுத்து அவருக்கு மாதாமாதம் பணம் வரும், அல்லது வராது. கொள்கை என்றால் என்ன என்று எனக்குப் புரிந்த நாள் அதுதான்.

கிளம்பும்போது கேட்டார்: "இத்தனையும் எழுதிக்கினு போறியே தம்பி, மறுக்கா வருவியா?" வருகிறேன் ஆயா என்றேன். போகவில்லை. அது இன்றுவரை உறுத்துகிறது.

ஒரு கேள்வியின் சொல் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நாடே கண்ட சான்று ஒன்று உண்டு. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு வீட்டுச் செலவைக் கேட்கும்போது, உணவுக்கு நெடுங்காலம் கேட்டுவந்தது 'கடந்த 30 நாளில்' என்று. 1999-2000 சுற்றில் அதே வீட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் 'கடந்த 7 நாளில்' என்றும் கேட்டார்கள். ஏழு நாள் செலவைச் சொன்னவர், முப்பது நாளுக்கும் அதோடு பொருந்துகிற மாதிரி சொல்லத் தலைப்படுவது மனித இயல்பு. அந்தச் சுற்றின் முடிவில் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் 36 சதவீதத்திலிருந்து 26 சதவீதமாகக் குறைந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. முப்பத்திரண்டு கோடி பேர் இருபத்தாறு கோடி ஆனார்கள். இதில் எவ்வளவு நிஜமான முன்னேற்றம், எவ்வளவு கட்டத்தின் வேலை என்று பொருளாதார அறிஞர்கள் வருடக்கணக்கில் வாதாடினார்கள். அந்த வாதத்தைப் புரிந்துகொள்ள உயர்கணிதம் கொஞ்சம் வேண்டும். ஒரு வீட்டின் வாசலில் உட்கார்ந்து 'போன மாதம் எண்ணெய் எவ்வளவு வாங்கினீங்க?' என்று ஒருமுறையாவது கேட்டிருப்பது அதைவிட அதிகம் வேண்டும்.

பம்பாய்ப் பணம், லண்டன் வகுப்பு

சமூகக் கொள்கை என்ற பாடமே மேற்கிலிருந்து வந்ததுதானே என்று ஒரு பேச்சு உண்டு. பாதிதான் சரி. லண்டன் பொருளாதாரப் பள்ளியில் வறுமையைப் பற்றிய ஆய்வுக்கு 1912இல் பணம் கொடுத்தவர் பம்பாயின் சர் ரத்தன் டாட்டா. வருடத்துக்கு 1,400 பவுண்டு. அந்தப் பணத்தில் அமைந்த அறக்கட்டளைக்கு இயக்குநராக வந்தவர் பொருளாதார வரலாற்றாசிரியர் ஆர்.எச். டானி. ஏறக்குறைய அதே நேரத்தில் அங்கே சமூக அறிவியல் துறையில் விரிவுரையாளராகச் சேர்ந்த ஓர் இளைஞர், லண்டனின் கிழக்குச் சேரிகளில் வேலை செய்துவிட்டு வந்தவர், கிளெமென்ட் அட்லி. முப்பது வருடம் கழித்து அவர் பிரதமரானபோதுதான் பிரிட்டனில் எல்லோருக்கும் இலவச மருத்துவம் வந்தது.

அந்தத் துறையின் முதல் பேராசிரியராக 1950இல் நியமிக்கப்பட்ட ரிச்சர்டு டிட்மஸ் பல்கலைக்கழகப் பட்டமே இல்லாதவர். சிறு வயதில் பள்ளியை விட்டு, காப்பீட்டு நிறுவனத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். மரணங்களின் கணக்கைப் பார்த்துப் பார்த்து, ஏழை வீட்டுக் குழந்தைகள் ஏன் முன்னதாகச் சாகின்றன என்று கேட்கத் தொடங்கியவர். ஏழைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிய சேவை நாளடைவில் தரம் கெட்டுப்போகும், எல்லோருக்கும் என்று கொடுத்தால்தான் அது நிற்கும் என்று அவர் வாதிட்டார். 1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது, பிரிக்காமல் எல்லோருக்கும் கொடுப்போம் என்று நின்ற மாநிலம் தமிழ்நாடு. டிட்மஸைப் படித்துவிட்டு எடுத்த முடிவா? இருக்காது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடும் பழக்கம் இங்கே 1956 முதலே இருந்தது. எது எங்கிருந்து வந்தது என்பதைவிட, வகுப்பறையில் இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியர் இருக்கிறாரா என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இனி பெற்றோரின் கேள்வி

படிப்பதற்கு இடம் இருக்கிறது. சென்னையில் எம்.ஐ.டி.எஸ்ஸில் முனைவர் ஆய்வு. கோட்டூரில் 1993இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ். திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம். சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1956இல் நிறுவிய காந்திகிராம கிராமிய நிறுவனம். வெளியே போக முடிந்தால் திருவனந்தபுரத்தில் பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் கட்டியெழுப்பிய வளர்ச்சி ஆய்வு மையம் (சி.டி.எஸ்.), மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், பெங்களூரு அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகமும் தேசிய சட்டப் பள்ளியின் பொதுக் கொள்கைப் படிப்பும். வேலையும் உண்டு. ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், பத்திரிகை, குடிமைப் பணித் தேர்வு. 2022இல் தமிழக அரசு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் என்று தொடங்கி, முப்பது இளைஞர்களை அரசுத் துறைகளோடு சேர்ந்து வேலை செய்ய எடுத்தது. மென்பொருள் சம்பளம் எல்லோருக்கும் வராது. அதை மறைக்க வேண்டாம்.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். இந்தப் படிப்புகளின் நுழைவுத் தேர்வும் நேர்காணலும் பாடமும் ஆங்கிலத்தில். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவின் பிள்ளை, விடுதியில் தங்கி அரசு கல்லூரியில் தமிழ்வழியில் பொருளாதாரம் படிக்கும் பெண், இவர்களுக்கு அந்த வேலையைப் பற்றித் தெரிந்தது எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது. அடையாள அட்டையில் யார் கையெழுத்துப் போடுகிறார், கூலி எத்தனை வாரம் தள்ளி வருகிறது, அளவு குறைந்தது என்று கூலியை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதெல்லாம் வீட்டுப் பேச்சு. ஆனால் அவர்கள் கையில் இருப்பது தேர்வுக்கு நோட்ஸ். இன்னொரு பக்கம், பெருநகரப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் லட்சம் வீடுகளின் தரவைக் கணினியில் இறக்கி நுட்பமான சமன்பாடுகள் போடுகிறார்கள். அந்த லட்சத்தில் ஒரு வீட்டின் வாசலையும் மிதித்ததில்லை. 1915இல் ஸ்லேட்டர் கண்ட வகுப்பறைதான் இது, நாற்காலிகள் மட்டும் மாறியிருக்கின்றன.

மாற்றுவதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஸ்லேட்டரின் ஐந்து ஊர்களும் அங்கேயே இருக்கின்றன. கங்கைகொண்டானில் சிப்காட் வந்துவிட்டது, சோலார் தொழிற்சாலை வந்துவிட்டது. அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் எட்டும் தூரம். தூசி மாமண்டூர் ஏரிக்குக் காஞ்சிபுரத்திலிருந்து நகரப் பேருந்தில் போகலாம். வடமலாபுரத்துக்குச் சிவகாசிக் கல்லூரிகள், பாலக்குறிச்சிக்கு நாகையும் திருவாரூரும். ஒவ்வொரு பொருளாதாரத் துறையும் தன் பக்கத்து ஊரை ஏற்றுக்கொண்டு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, அந்த ஊர்ப் பிள்ளைகளையே சேர்த்துக்கொண்டு, தமிழில் கேட்டு, தமிழில் எழுதி, எழுதியதை அந்த ஊர் கிராம சபையிலேயே படித்துக் காட்டலாம். 1916இல் எண்ணப்பட்ட படியாளின் கொள்ளுப்பேத்தி இந்த முறை வினாப்பட்டியலைத் தயாரிக்கலாம். அவள் கேட்கும் முதல் கேள்வி எதுவாக இருக்கும் என்று அறிய எனக்கு ஆசை.

இருவேல்பட்டுக்கு 1916, 1937, 1961, 1981, 2008 என்று கணக்கு நிற்கிறது. வெள்ளத்தில் எத்தனை வீட்டுச் சுவர் விழுந்தது, யாருக்கு நிவாரணம் வந்தது, ஊருக்கு எவ்வளவு, காலனிக்கு எவ்வளவு என்று எழுத வேண்டிய தாள் இன்னும் வெறுமையாக இருக்கிறது. விழுப்புரம் அரசு கலைக் கல்லூரியிலிருந்து அந்த ஊருக்குப் பேருந்தில் போய்விட்டு, அன்று மாலையே திரும்பிவிடலாம்.